உங்கம்மாவைச் சிரிக்க வைக்கக் கூடாதென்று சொன்னார்கள்

நைனா,

போன வாரம் நீ போன் பண்ணி, "பொண்ணு வூட்டுக்காரங்க கொஞ்சம் டீசன்டான ஆளுங்கப்பா, கல்யாணத்தன்னிக்கு மட்டும் வாயை அடக்கிக்கினு இருப்பா"ன்னு சொன்ன. நான் சரின்னு சொன்னேன். நீ நம்பலை. "நெஜமாவா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்ட. உன் பயத்துலயும் நியாயம் இருக்கு. நிச்சயதார்த்தத்துல உன் மாமனார் தலையைப் பார்த்து, "சம்பந்தி, உங்க வூட்டுல விளக்கே தேவையில்லை போல கீதே"ன்னு நான் சொன்னதுக்கு அவர் சிரிச்சாரு, உன் மாமியார் சிரிக்கலை. ரெண்டு பேர்ல ஒருத்தர் சிரிச்சா பாதி மார்க்கு. மூணாங் கிளாஸோட நின்னவனுக்கு அதுவே பெரிய மார்க்குதான். ஆனாலும் உன் மானம் என் வாயில இருக்கறதால, அன்னிக்கு ஒரு நாள் பன்னீர் சொம்பு மாதிரி ஓரமா உக்காந்திருக்கேன். கவலைப்படாதே.

இதை போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா நான் போன் எடுத்தா உங்கம்மா பக்கத்துல வந்து உக்காந்துக்கினு, நான் சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் திருத்தம் சொல்லுவா. அதனாலதான் ஐஸ் பேக்டரி வாசல்ல டெம்போவை நிறுத்திப் போட்டு, ஐஸ் ஏத்தற வரைக்கும் சீட்டுல உக்காந்து எழுதறேன். காகிதத்துல மீன் வாசனை அடிச்சா மூக்கைப் பிடிச்சிக்கினு படி. நீ படிச்சது, சட்டை போட்டது, இப்போ மாப்பிள்ளையாகப் போறது எல்லாமே இந்த வாசனையிலதான்.

என்னை வாயைக் கட்டச் சொன்ன முதல் ஆளு நீ இல்லை. உனக்கு முன்னாடி ஒருத்தங்க சொல்லி, நான் நெஜமாவே கட்டிக்கினு இருந்திருக்கேன். அது உனக்குத் தெரியாது. அப்போ நீ கருங்குழியில உங்கத்தை வூட்டுல இருந்து எட்டாவது படிச்சிக்கினு இருந்த. அம்மாவுக்குக் கழுத்துல கட்டி, ஆபரேஷன் பண்ணாங்க, கரண்டு வெச்சாங்க, நல்லாயிட்டான்னு அவ்வளவுதான் உனக்குச் சொன்னோம். பொய் இல்லை. ஆனா நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு. அடுத்த மாசம் ஒரு பொண்ணு கழுத்துல நீ தாலி கட்டப்போற. அதுக்கு முன்னாடி இது உனக்குத் தெரியணும்னு எனக்குத் தோணுது. உங்கம்மாவைக் கேட்டா, "இதெல்லாம் ஒரு கதையா, போய் வேலையைப் பாரு"ன்னு சொல்லுவா. அவளுக்கு எல்லாமே சின்ன விஷயம்தான். அப்பவும் அப்படித்தான் சொன்னா, அதனாலதான் வினையே வந்துச்சு.

சுனாமிக்கு நாலஞ்சு வருஷம் முந்தின கதை இது. ஈசிஆர் ரோட்டை அகலப்படுத்திக்கினு இருந்தாங்க, நான் வாடகை டெம்போவுல கோவளத்துல மீன் ஏத்தி செங்கல்பட்டு மார்க்கெட்டுல இறக்கிக்கினு இருந்தேன். உங்கம்மாவுக்குக் கழுத்துல நெல்லிக்காய் மாதிரி ஒரு கட்டி வந்துச்சு. கொழுப்புக் கட்டின்னு நினைச்சோம். "எனக்கு ஏதுய்யா கொழுப்பு, எல்லாம் உன் வாயிலதான் கீது"ன்னு அவகூட சொன்னா. செங்கல்பட்டு பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில காட்டினப்போ புத்துநோய்னு சொல்லிட்டாங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. வேர் ஏதாவது ஒட்டிக்கினு இருந்தா அதையும் பொசுக்கணும், அதுக்குக் கழுத்துல தினமும் கரண்டு வெக்கணும், சாப்பிட முடியாம போயிடும், அதனால வார்டுலயே படுக்கட்டும்னு சொன்னாங்க. கரண்டுன்னா ஷாக் அடிக்கற கரண்டு இல்லை. பெரிய மிசினுக்கு அடியில படுக்க வெச்சு, கழுத்துல மையால கோடு போட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அதுமேல விடுவாங்க. வெக்கும்போது ஒண்ணும் தெரியாதாம். போகப் போகத்தான் அந்த இடத்துத் தோல் வெயில்ல வெந்த மாதிரி கறுத்து, உரிஞ்சு, கொழகொழன்னு ஆகுமாம். அதுக்கு முன்னெச்சரிக்கையா சோப்பு கூடாது, எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது, மஞ்சள் கூடாதுன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. நாங்களும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம்.

அந்தப் பொம்பளைங்க வார்டுல மேரின்னு ஒரு சிஸ்டர் இருந்தாங்க. நாகர்கோவில் பக்கம். காலையில டூட்டிக்கு வந்ததும் யாரு மூஞ்சியையும் பார்க்க மாட்டாங்க. நேரா போர்வையைத் தூக்கி, குதிகால், இடுப்பு, முதுகுன்னு பார்ப்பாங்க. ஒருநாள் நான், "இன்னா சிஸ்டர், மாடு வாங்க வந்தவங்க மாதிரி பார்க்கறீங்க"ன்னு கேட்டேன். "உள்ள இருக்கிற நோயை டாக்டர் பார்ப்பார். நான் மேல இருக்கிற தோலைப் பார்க்கணும். இங்க படுத்திருக்கிறவங்க தோல் ஈரக் காகிதம் மாதிரி. ஒரு பக்கமாவே படுத்தா நசுங்கிப் புண்ணாகும். பிளாஸ்திரியை வேகமா இழுத்தா அதோட சேர்ந்து உரியும். புண்ணாச்சுன்னா ஆற மாசக்கணக்காகும்"னு சொன்னாங்க. அது உண்மைதான். பக்கத்துக் கட்டில்ல மதுராந்தகத்து பத்மாக்கா இருந்தாங்க. வயித்துல கேன்சர். அவங்க வயித்தைப் பத்திப் புலம்பி நான் கேட்டதில்லை. படுத்தே கிடந்து குதிகால்ல ஒரு புண்ணு வந்திருந்துச்சு, அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுவாங்க. "பெரிய எமனோட சண்டை போட வந்தேன், குட்டி எமன் கால்ல கடிக்கறான்"னு சொல்லுவாங்க.

இந்த பத்மாக்காகிட்ட ஒரு தீப்பெட்டி இருந்துச்சு. அதுக்குள்ள மஞ்சத்தூள். வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா அந்த வார்டுல நடமாடக்கூடிய பொம்பளைங்க அத்தனை பேரும் அவங்க கட்டிலுக்கு வந்து, தாலிக் கயித்துல மஞ்சள் தடவிக்கினு போவாங்க. வூட்ல குளிச்சிட்டுத் தடவறது, இங்க குளிக்காமலே தடவறது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கம்மாவும் தடவிக்கினா. மஞ்சள் கூடாதுன்னு சொன்னாங்களேன்னு நீ கேட்பே. நான் அப்பவே கேட்டேன். உங்கம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதறேன். "மஞ்சள் கூடாதுன்னு சொன்னது கழுத்துக்குய்யா. கயித்துக்கா சொன்னாங்க?" பத்மாக்காவும், "அதானே"ன்னாங்க. எனக்கும் சரியாத்தான் பட்டுச்சு. பெரிய வக்கீலுங்க வாதாடினாக்கூட இதுல ஓட்டை கண்டுபிடிக்க முடியாதுன்னு நினைச்சேன்.

மிசினுக்குப் போகும்போது மட்டும் தாலியை அவுக்கணும். அதுக்கு அவ ஒரு நிபந்தனை வெச்சா. "எனக்கு பயமா கீது, மிசின்ல படுத்துக்கினு இருக்கசொல்ல நீ வாசல்ல நின்னே ஆவணும்"னா. அதனால நான் என்ன அவசரமா இருந்தாலும் லோடு இறக்கிட்டு ஓடியாந்து நிப்பேன். உள்ளே போகும்போது தாலியை அவுத்து உள்ளங்கையில வெச்சு மூடிக்குவா. வெளியே வந்ததும் முதல் வேலை அதைக் கழுத்துல போடறதுதான், ரெண்டாவது வேலை என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்க்கறது. பாவம், மிசினைப் பார்த்து ரொம்ப பயப்படறாள்னு நினைச்சேன்.

கழுத்து கறுத்துக்கினே வந்துச்சு. அப்புறம் தோல் உரிய ஆரம்பிச்சுது. சிஸ்டர் பார்க்க வரும்போதெல்லாம் உங்கம்மா முந்தானையைச் சுத்திக்கினு, "கழுத்து நல்லாத்தான் கீது சிஸ்டர், முதுகைப் பாருங்க"ன்னு திரும்பிப் படுத்துக்குவா. மிசின் ரூம்ல இருக்கறவங்க மைக் கோட்டை மட்டும் பார்த்துட்டு அனுப்பிடுவாங்க. ஓரத்துல தெரியற இடத்துல மஞ்சளா இருக்கும். நானும் மஞ்சளைப் பார்த்தேன், பத்மாக்காவும் மஞ்சளைப் பார்த்தாங்க. பொம்பளை கழுத்துல மஞ்சள் இருந்தா யாரு சந்தேகப்படுவாங்க? கழுத்தைத் திருப்பாம உடம்போட திரும்பறாளேன்னு மட்டும் எனக்குத் தோணுச்சு. ஆபரேஷன் பண்ண இடம் இழுக்குது போலன்னு நானே ஒரு பதிலும் சொல்லிக்கினேன்.

ஒருநாள் சாயங்காலம் பத்மாக்கா, "உங்க கல்யாணம் எப்படி ஆச்சு"ன்னு கேட்டாங்க. அதை நான் சும்மா சொல்லுவேனா? தரகர் போய் உங்கம்மா வூட்டுல, "மாப்பிள்ளை டிரைவரு"ன்னு சொல்லியிருக்காரு. உன் தாத்தா, "கவர்மெண்டா?"ன்னு கேட்டிருக்காரு. தரகர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "ரோடு கவர்மெண்டுதுங்க"ன்னு சொல்லியிருக்காரு. உன் தாத்தா வாசல்ல வந்து என் டெம்போவைப் பார்த்துட்டு, "வண்டி?"ன்னாரு. "வண்டி முதலாளிதுங்க." "அப்போ உன்னுது இன்னாப்பா?" "ஹாரன் அடிக்கறது நான்தாங்க." இதை நான் உன் தாத்தா மாதிரியே மூக்கை விடைச்சிக்கினு சொல்லிக் காட்டினேன். உங்கம்மா எத்தனையோ தடவை கேட்ட கதைதான். ஆனாலும் தலையைப் பின்னாடி சாய்ச்சு சிரிச்சிட்டா.

சிரிச்ச வேகத்துல முந்தானை நழுவுச்சு. கயிறு அழுத்திக்கினு இருந்த கோடு வாய் திறந்த மாதிரி விரிஞ்சுது. மஞ்சளுக்கு நடுவுல சிவப்பா ஒரு கோடு கிளம்பி ஜாக்கெட் வரைக்கும் இறங்குச்சு. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். நைனா, அந்த மஞ்சள்ல பாதிதான் மஞ்சள். மீதி சீழு. ரெண்டு நாளா மிசின் ரிப்பேரு, அவுக்காம விட்ட கயிறு வெந்த தோல்ல இறங்கி உக்காந்திருந்துச்சு. அவ இன்னும் சிரிச்சிக்கினுதான் இருந்தா. கண்ணுல மட்டும் தண்ணி ஓடிக்கினு இருந்துச்சு. சிரிப்புல வந்த தண்ணின்னு சொல்லிப் பார்த்தா.

மேரி சிஸ்டர் வந்து உப்புத் தண்ணி விட்டு ஊற வெச்சு, கயித்தைக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சாங்க. அவங்க கத்தலை. கத்தியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. "எத்தனை நாளா அக்கா?"ன்னாங்க. உங்கம்மா கூரையைப் பார்த்தா. "எங்கிட்ட காட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" பெரிய டாக்டரம்மா வந்து பார்த்தாங்க. "இந்தப் புண்ணுமேல கரண்டு வெக்க முடியாது, நிறுத்தி வெக்கறேன். ஆனா ரொம்ப நாள் நிறுத்தவும் முடியாது. நடுவுல இடைவெளி விட்டா நோய்க்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்த மாதிரி. இதுவரைக்கும் வெச்சது வீணாப் போயிடும். இந்தத் தோல் சீக்கிரம் மூடணும். கயிறோ துணியோ எதுவும் உரசக் கூடாது"ன்னு சொன்னாங்க. கட்டியை எடுத்தாச்சு, பாதிக் கிணறு தாண்டியாச்சு, இப்போ ஒரு முழம் நூலால உங்கம்மா உள்ளே விழப்போறா. அதுதான் எனக்குப் புரிஞ்சுது. வேற எதுவும் புரியலை.

டாக்டரம்மா போனதும் உங்கம்மா கை நீட்டினா. "கயித்தைக் குடு."

"எதுக்கு?"

"இடுப்புல செருகிக்கறதுக்கா கேக்கறேன்? கழுத்துல போட."

"இப்போ இன்னா சொல்லிட்டுப் போனாங்க, காதுல வுழலியா உனுக்கு?"

"வுழுந்துச்சு. அஞ்சு பத்து நிமிசம்னா அவுத்து வெக்கலாம். நாள்கணக்கா அவுத்து வெச்சிட்டு, நீ அந்த ரோட்டுல வண்டி ஓட்டிக்கினு போவியா?"

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அவ மிசினுக்கு பயந்து என்னை வாசல்ல நிக்கச் சொல்லலை. தாலி கழுத்துல இல்லாத அந்த நேரத்துல நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சிக்கினு இருக்கக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருந்திருக்கா. வெளியே வந்து தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தது, நான் முழுசா இருக்கேனான்னு பார்க்கத்தான். என் உயிரைக் காப்பாத்தறதா நினைச்சிக்கினு அவ தோலை அறுத்துக்கினு இருந்திருக்கா. எனக்குக் கோபம் வந்திருக்கணும். வரலை. இப்படி ஒருத்திக்கு நான் எத்தனை நாள் பழைய சோத்துல உப்பு இல்லைன்னு மூஞ்சைக் காட்டியிருக்கேன்னுதான் நினைச்சேன்.

நான் சாமி இல்லை, சாத்திரம் இல்லைன்னு பேச ஆரம்பிச்சிருந்தா அவ ஒரு வார்த்தையும் கேட்டிருக்க மாட்டா. நீயும் இதை ஞாபகம் வெச்சுக்க. உன் பொண்டாட்டிக்கு ஒரு நம்பிக்கை இருந்து, அது உனக்குக் கிறுக்குத்தனமாத் தெரிஞ்சா, உடனே பாடம் எடுக்காதே. அது எந்தப் பயத்துல பொறந்ததுன்னு பாரு. சிஸ்டர் பொறுமையா வழி தேடினாங்க. மணிக்கட்டுல கட்டிக்கச் சொன்னாங்க. ரெண்டு கையிலயும் ஊசி குத்திக் குத்தி நரம்பு கயிறு மாதிரி தடிச்சு, பிளாஸ்திரி உரிச்ச இடம் வேற எரிஞ்சிக்கினு இருந்துச்சு. இடுப்புல கட்டலாம்னாங்க. தாலியை இடுப்புலயான்னு பத்மாக்கா காதைப் பொத்திக்கினாங்க. தலையணைக்கு அடியில வெக்கலாம்னு சொன்னதுக்கு உங்கம்மா, "அது உடம்புல இருக்கணும் சிஸ்டர். தலகாணிக்கா கட்டினாரு?"ன்னு கேட்டா.

"உடம்புலதானே இருக்கணும்? என் உடம்பு கீதே"ன்னேன்.

வார்டே திரும்பிப் பார்த்துச்சு. "இன்னாய்யா ஒளர்ற?"ன்னா உங்கம்மா.

"என் உயிருக்குத்தானே காவல்? காவல்காரன் எதுத்த தெருவுல நிக்கறதைவிட வூட்டு வாசல்லயே நிக்கட்டுமே."

பத்மாக்கா யோசிச்சாங்க. அந்த வார்டுல இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் அவங்கதான் ஜட்ஜு. "கேள்விப்பட்டதில்லை. ஆனா தப்புன்னும் யாரும் சொல்லிக் கேள்விப்பட்டதில்லை"ன்னு தீர்ப்பு சொன்னாங்க. உங்கம்மா விரலை மடக்கி எண்ணினா. "குடிக்கக் கூடாது. வண்டியை மெதுவா ஓட்டணும். எதுக்காவும் அவுக்கக் கூடாது"ன்னா. நான் கட்டிலுக்கு முன்னாடி குனிஞ்சு உக்காந்தேன். கயித்தைச் சிஸ்டர் வெந்நியில அலசிக் கொடுத்தாங்க. உங்கம்மா ஊசி குத்தின கையால என் கழுத்துல மூணு முடிச்சுப் போட்டா.

டேய், நான் பொறந்ததுலேருந்து காத்துக்கினு இருந்த நேரம் அது. கெட்டி மேளம்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா அந்த வார்டே விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும். வாயைத் திறந்தேன். மேரி சிஸ்டர் விரலை நீட்டினாங்க. "அண்ணே, இன்னையிலிருந்து நீங்க இந்த அம்மாவைச் சிரிக்க வைக்கக் கூடாது. சிரிச்சா தோல் இழுக்கும், இழுத்தா பிளக்கும். மூடுற வரைக்கும் ஒரு பேச்சு கூடாது"ன்னாங்க. வாயை மூடிக்கினேன். என் வாழ்க்கையிலேயே பெரிய ஜோக்கைத் தொண்டையிலயே புதைச்சிட்டு எழுந்து வந்தேன்.

வெளியில எனக்குத் தடை இல்லை. கோவளத்துக் கரையில மீன் கூடை தூக்கும்போது சட்டைப் பித்தான் தெறிச்சுது. ஏலம் எடுக்கற செல்வி பார்த்துட்டா.

"இன்னா அண்ணாத்த, கழுத்துல இன்னாது அது?"

"தாலி."

"எப்போ ஆச்சு கல்யாணம்? எங்களைக் கூப்புடவே இல்ல."

"திடீர்னு நடந்துடுச்சும்மா. சீரா ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலு குடுத்தாங்க."

அவளுக்கு உங்கம்மா சங்கதி தெரியும். சிரிக்கப் போனவ நிறுத்திட்டா. "முந்தானையால கழுத்தைப் போத்திக்கினு போ அண்ணாத்த, ஊருக் கண்ணு படப் போவுது"ன்னா. அதுக்கப்புறம் கரையில என்னைப் 'புதுப் பொண்ணு'ன்னுதான் கூப்பிட்டாங்க. லாரிக்காரன் ஹாரன் அடிச்சா ஒதுங்கி வழிவிட்டேன். மூணு முடிச்சு கழுத்துல இருந்தா வண்டி தானா மெதுவா போவுது, நைனா.

ஆனா வார்டுக்குள்ளே நான் வேற ஆளு. ஸ்டூல்ல உக்காருவேன், கஞ்சி கொடுப்பேன், துணி உரசாம பார்த்துக்குவேன், வாயைத் திறக்க மாட்டேன். சிஸ்டர் உப்புத் தண்ணியில கழுவி ஊதா மருந்து போடுவாங்க. மஞ்சள் போய் கழுத்து கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துச்சு. அதைப் பார்த்துக்கூட நான் ஒண்ணும் சொல்லலை. அது எவ்வளவு கஷ்டம்னு உனக்குத் தெரியும். புண்ணு ஓரத்துல ஆறிக்கினு வந்தது, ஆனா உங்கம்மா கஞ்சியைத் தள்ள ஆரம்பிச்சா. முதல்ல பாதி. அப்புறம் வேண்டவே வேண்டாம்னா. சாப்பாடு உள்ளே போகலைன்னா தோல் எதை வெச்சு வளரும்னு சிஸ்டர் கவலைப்பட்டாங்க. என்ன கேட்டும் காரணம் சொல்லலை. ஒருநாள் என்கிட்ட மெதுவா, "பையனுக்குக் கண்ணாடி மாத்தணும், மறந்துடாத. பீரோவுக்குப் பின்னாடி என் பட்டுப்புடவை கீது, அவனுக்கு வரப்போறவளுக்குக் குடு"ன்னு சொன்னா.

"இன்னாமே பேச்சு இது?"

"டாக்டரம்மா உன்னாண்ட தனியா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலியே."

"பொய் சொல்லாத. உன்னை எனக்குத் தெரியாதா? எங்கப்பா செத்த அன்னிக்கே பாடையைப் பார்த்து கயிறு லூசா கீதுன்னு சொன்ன ஆளு நீ. இப்போ ஒரு வாரமா வாயைத் திறக்கலை. நான் பொழைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க, அதானே?"

எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியலை. ரெண்டுமே அவ முன்னாடி பண்ணக் கூடாது. ஓடிப்போய் மேரி சிஸ்டரைக் கூட்டியாந்தேன். அவங்க தலையில அடிச்சிக்கினாங்க. "அய்யோ அக்கா, வாயை மூடச் சொன்னது நான். நீங்க சிரிச்சா தோல் பிளக்குமேன்னு சொன்னேன். டாக்டர் உங்களைப் பத்தி நல்லாத்தான் சொல்லியிருக்காங்க. வாங்க, புண்ணைக் கண்ணாடியில காட்டறேன்"னு சொல்லி, சின்னக் கண்ணாடி ஒண்ணைப் பிடிச்சு, ஓரத்துல ரோஜா நிறத்துல புதுத் தோல் வளர்றதைக் காட்டினாங்க. உங்கம்மா ரொம்ப நேரம் கண்ணாடியைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. "சொல்லுய்யா"ன்னா.

"இன்னா சொல்ல?"

"அடக்கி வெச்சிருப்பே இல்ல, எல்லாத்தையும் சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்."

சிஸ்டரைப் பார்த்தேன். அவங்க கையை விரிச்சிட்டாங்க. நான் கெட்டி மேளத்துல ஆரம்பிச்சு, புதுப் பொண்ணு, செல்வி, கத்திரிக்காய்க் கழுத்து எல்லாத்தையும் சொன்னேன். உங்கம்மா மோவாயைக் கையால பிடிச்சிக்கினு, உதட்டை இறுக்கி, கோயில் சிலை மாதிரி உக்காந்திருந்தா. ஆனா கால் கட்டை விரல் மட்டும் ஆடுச்சு. பத்மாக்கா அதையே பார்த்துக்கினு இருந்து, "சிரிச்சிட்டாங்கோ"ன்னு அறிவிச்சாங்க. அன்னிலேருந்து அவ கால்ல சிரிக்கக் கத்துக்கினா. அன்னிக்குக் கஞ்சி முழுசா உள்ளே போச்சு, ஊறுகா வேற கேட்டா.

இதுல உனக்கு நான் சொல்ல வர்றது ரெண்டு பேரைப் பத்தியும்தான். அவ வலியை மறைச்சா, நான் காரணத்தை மறைச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காப்பாத்தறோம்னு நினைச்சிக்கினுதான் பண்ணோம். உன் வூட்டுல யாராவது உடம்பு முடியாம படுத்தா, மூஞ்சியை மட்டும் பார்த்துட்டு வராதே. மூஞ்சி பொய் சொல்லும். "எப்படி கீது?"ன்னு கேட்டா "நல்லா கீது"ன்னு சொல்றது நம்ம பொம்பளைங்களுக்குப் பழக்கம். போர்வையைத் தூக்கி முதுகைப் பாரு, குதிகாலைப் பாரு, காதுக்குப் பின்னாடி பாரு. வெட்கப்படாதே. பொண்டாட்டி முதுகைப் பார்க்கறதுக்கு என்னடா வெட்கம்? அப்புறம், நீ எதுக்காகப் பேசாம இருக்கேன்னு அவகிட்ட சொல்லிட்டு பேசாம இரு. காரணம் தெரியாத அமைதி புண்ணைவிட வேகமாப் பரவும்.

தோல் மூடுச்சு. டாக்டரம்மா விரலால தொட்டுப் பார்த்துட்டு, "நாளைக்கு மிசினுக்கு அனுப்புங்க"ன்னாங்க. இடைவெளி கொஞ்சம்தான், பரவாயில்லைன்னாங்க. நான் வாசல்லயே நின்னேன், ஆனா இந்தத் தடவை உங்கம்மா வெளியே வந்து என்னைப் பார்க்கலை, பத்மாக்காவோட ஏதோ பேசிக்கினே வார்டுக்குப் போயிட்டா. காவல் சரியான இடத்துல இருக்குன்னு அவளுக்குத் தைரியம் வந்துடுச்சு. மிச்சம் இருந்த கரண்டையும் முழுசா வெச்சு முடிச்சாங்க. பத்மாக்காவும் குதிகால் ஆறி, செருப்புப் போட்டு நடந்தே பஸ் ஏறிப் போனாங்க. போகும்போது அந்தத் தீப்பெட்டியைக் குப்பையில போட்டதை நானே பார்த்தேன். கழுத்துல கொஞ்ச மாசத்துக்குக் கயிறு வேண்டாம்னு சிஸ்டர் சொன்னதால, வூட்டுக்கு வந்தப்புறமும் தாலி என் கழுத்துலதான் இருந்துச்சு. நீ லீவுக்கு வந்தப்போ நான் சட்டையைக் கழட்டாம புழுக்கத்துல உக்காந்திருந்தேனே, ஏன்னு இப்போ புரியுதா?

ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தான் நம்ம பக்கத்துல பொம்பளைங்க தாலிக் கயிறு மாத்துவாங்க. செக்கப்புல டாக்டரம்மா எல்லாம் சுத்தமா இருக்கு, நோய் எங்கேயும் இல்லைன்னு சொல்லி, கயிறும் போட்டுக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. உங்கம்மா புதுக் கயிறு வாங்கி, அதை வெந்நியில ரெண்டு மூணு தடவை அலசி, சாயம் போகற வரைக்கும் கசக்கி, மெத்துன்னு ஆக்கி வெச்சிருந்தா. நாங்க ரெண்டு பேரும் கடற்கரைக்குப் போனோம். கூட்டமில்லாத இடமா, படகு நிழல்ல உக்காந்தோம். என் கழுத்துலேருந்து பழசை அவுத்து, தாலியை மட்டும் எடுத்துப் புதுக் கயித்துல கோத்துக் கொடுத்தா. நான் கட்டினேன். முதல் கல்யாணத்துல தரகரைப் பார்த்துச் சிரிச்சிக்கினே கட்டினேன். இந்தத் தடவை முடிச்சு விழவே மாட்டேங்குது. அந்தத் தோல் அவ்வளவு மெல்லிசா, மினுமினுன்னு, வெங்காயத்துக்கு உள்தோல் மாதிரி இருந்துச்சு. அதுமேல என் விரல் படறதுக்கே பயம்.

கட்டிட்டுக் கையை எடுத்தேன். உப்புக் காத்து நேரா அவ கழுத்துலதான் அடிச்சுது. அவ கண்ணை மூடிக்கினு உக்காந்திருந்தா. நான் அவ கழுத்தையே பார்த்துக்கினு இருந்தேன். எதையாவது மறைக்கறாளா, உதட்டைக் கடிக்கறாளான்னு பார்த்தேன். எழுந்து போய் அந்தப் பக்கம் நின்னு பார்த்தேன், திரும்பி வந்து இந்தப் பக்கம் பார்த்தேன். அவ கண்ணைத் திறந்தா. முந்தானையை எடுத்துத் தோளுக்குப் பின்னாடி தள்ளிவிட்டு, கழுத்து முழுசாத் தெரியற மாதிரி நிமிர்ந்து, என் பக்கம் திருப்பிக் காட்டினா.

"நல்லாப் பாத்துக்க. எரியல"ன்னா.

ஐஸ் ஏத்தியாச்சு, ஆளு கூப்பிடறான். உன் வூட்டுல எல்லாரும் முழுத் தோலோட, முழு வயித்தோட இருக்கட்டும்.

உன் அப்பன்